மேலே இருந்த மூன்று எழுத்து

பதினேழு. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள் சார். பாபநாசத்தில் நான் ஏறி உங்கள் பக்கத்தில் உட்கார்ந்ததிலிருந்து, அந்தப் போனில் நீங்கள் பதினேழு தடவை செத்துவிட்டீர்கள். எட்டிப் பார்க்கக் கூடாதுதான். நான் யாருடைய போனையும் எட்டிப் பார்க்கிற ஆள் இல்லை. பஸ்ஸில் யாரோடும் பேசுகிற ஆளும் இல்லை. எண்ணிக்கை என்று வந்துவிட்டால் மட்டும் கண் தானாகப் போய்விடுகிறது. பன்னிரண்டாவது தடவை நன்றாக ஆடினீர்கள். அந்த மஞ்சள் பாலத்தில் இடப்பக்கம் ஒதுங்கியிருந்தால் இன்னும் கொஞ்ச தூரம் போயிருக்கலாம்.

எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்கள். வயது அறுபத்தெட்டு, படிப்பு எட்டாவது, இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று. சரிதான். ஆனால் ஐம்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பது எடுத்த ஆள் நான். எதில் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன். அவசரம் இல்லையே?

பாபநாசத்தில் ஒரு சினிமாக் கொட்டகை இருந்தது. இப்போது அங்கே கல்யாண மண்டபம். அந்தக் கொட்டகையில் பதினோரு வருஷம் வாசலில் நின்று டிக்கெட் கிழித்தேன். பேர் வைத்தியலிங்கம். வைத்தி என்பார்கள். படம் ஆரம்பித்து அரை மணி ஆனால் எனக்கு வேலை இல்லை, இடைவேளை வரைக்கும் சும்மா நிற்க வேண்டும். எண்பத்தெட்டில் முதலாளி ஒரு வீடியோ கேம் மெஷின் வாங்கிக் கேன்டீன் பக்கத்தில் வைத்தார். பீரோ உயரம் இருக்கும். கண்ணாடியில் வலது மூலையில் ஒரு விரிசல், வரும்போதே இருந்தது. சிவப்புக் குண்டு வைத்த ஒரு குச்சி, இரண்டு பொத்தான். ஒன்று சுடுவதற்கு, ஒன்று குண்டு போடுவதற்கு. கடல் மேல் விமானம் பறக்கும். எதிரி விமானம் வரும், படகு வரும், கப்பல் வரும், பாலம் வரும். மூன்று உயிர். தினமும் மெஷினைத் துடைப்பது என் வேலை என்பதால் எனக்கு ஆட்டம் இலவசம்.

என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக ஒன்றைப் பார்த்ததில்லை சார். மிகைப்படுத்திச் சொல்கிறவன் இல்லை நான். கடல் என்றால் கடல். அலை அடிக்கும். இடப்பக்கம் எட்டு விமானம், வலப்பக்கம் பன்னிரண்டு, நடுவில் ஆறு, அப்புறம் கப்பல். இதை நான் தூக்கத்தில் சொல்வேன். எட்டு, பன்னிரண்டு, ஆறு, கப்பல். வாசலில் நின்று டிக்கெட் கிழிக்கும்போதும் மனசுக்குள் அதுதான் ஓடும்.

ஆட்டம் முடிந்தால் ஒரு பட்டியல் வரும். அதிகம் எடுத்த ஐந்து பேரின் பெயர். பெயர் என்றால் முழுப் பெயர் இல்லை, இங்கிலீஷில் மூன்று எழுத்துதான். இங்கிலீஷ் எழுத்து கூட்டத் தெரியும் எனக்கு. முதல் நாள் மெஷினைப் போட்டதுமே அந்தப் பட்டியல் இருந்தது. ஐந்தாவது டி, ஓ, எம். பத்தாயிரம். யாரோ தாமஸ். நாலாவது எஸ், ஏ, எம். இருபதாயிரம். அது கேன்டீன் சாமுவேல். மூன்றாவது எம், ஏ, என். முப்பதாயிரம். மேனேஜர்தான், வேறு யார். இரண்டாவது கே, ஈ, என். நாற்பதாயிரம். கடைத்தெருவில் கேஸ் அடுப்பு ரிப்பேர் பார்க்கிற கென்னடி என்று ஒருத்தர் இருந்தார். முதலாவது ஏ, எஸ், ஓ. ஐம்பதாயிரம்.

அசோகன்.

அவன் ஆபரேட்டர். மேலே கேபினில் இருந்து படம் ஓட்டுகிறவன். என்னைவிட மூன்று வயது சின்னவன். அவனுக்கு எல்லாம் சுலபம். முடி சுருட்டை. பாட்டு நன்றாகப் பாடுவான். அவன் சொன்னால் கேன்டீனில் டீ சூடாக வரும், நான் சொன்னால் ஆடை கட்டி வரும். நான் பொறாமைப்பட்டதாக நினைக்காதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன்.

எல்லோரிடமும் விசாரித்தேன். நான் விசாரிக்காமல் எதையும் முடிவு கட்டுவதில்லை. சாமுவேலிடம் போய், "மெஷின்ல நாலாவதா உன் பேர் இருக்கே, நீ ஆடினியா?" என்றேன். "என் பேரா? நாலாவதா? ஆமாமா, நான்தான். ஒருநா சும்மா ஆடினேன்" என்றான். மேனேஜரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "முப்பதாயிரந்தானா காட்டுது? அதுக்கு மேலயே எடுத்தேனே" என்றார். கென்னடி பெருந்தன்மையாகத் தலையை ஆட்டினார். ஆக, மூன்று பேர் ஒத்துக்கொண்டார்கள். அசோகன் ஒருத்தன்தான், "நானா? சத்தியமா அதத் தொட்டதே இல்ல வைத்தியண்ணே" என்றான்.

எப்படி இருக்கும் சொல்லுங்கள். மற்றவர்கள் எடுத்ததை ஒத்துக்கொள்கிறார்கள். முதல் இடத்தில் இருக்கிறவன் தொட்டதே இல்லை என்கிறான். எவ்வளவு திமிர் இருந்தால் அப்படிச் சொல்ல வரும்! அதிலும் சரியாக ஐம்பதாயிரம். ஒரு பத்து கூட இல்லை, ஒரு பத்து குறைவும் இல்லை. சட்டையை மடித்து வைக்கிற மாதிரி, ஐம்பதாயிரம் வந்ததும் நிறுத்திவிட்டு எழுந்து போயிருக்கிறான்.

நான் விடாமல் ஆடினேன். ஒரே மாதத்தில் கென்னடியைத் தாண்டி இரண்டாவது இடத்துக்கு வந்தேன். நாற்பத்தேழாயிரத்து முந்நூறு. வி, ஏ, ஐ என்று என் பெயர் அசோகனுக்குக் கீழே, கென்னடிக்கு மேலே. மறுநாள் காலையில் மெஷினைப் போட்டால் என் பெயர் இல்லை. மற்ற ஐந்து பேரும் அப்படியே இருக்கிறார்கள். என் பெயரை மட்டும் காணோம். மறுபடி ஆடுவேன், மறுபடி வரும், மறுநாள் இருக்காது. நான் யோசித்தேன். ராத்திரி கொட்டகையில் படுக்கிறவன் யார்? அசோகன். ஒயர் வேலை தெரிந்தவன் யார்? அசோகன்.

இன்னொன்றும் கவனித்தேன். கரண்ட் போகும் அல்லவா? போனால் ஜெனரேட்டரை ஓட்டுவதற்கு அசோகன்தான் மேலே இருந்து டார்ச்சோடு இறங்கி வருவான். மெஷினைத் தாண்டித்தான் பின்பக்கம் போக வேண்டும். கரண்ட் வரும். பார்த்தால் என் பெயர் போயிருக்கும், ஏ, எஸ், ஓ இருக்கும். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. இருபத்து மூன்று தடவை. தேதியோடு நோட்டில் எழுதி வைத்திருந்தேன். இருபத்து மூன்று தடவையும் கரண்ட் போயிருக்கிறது, இருபத்து மூன்று தடவையும் அசோகன் இறங்கி வந்திருக்கிறான், இருபத்து மூன்று தடவையும் என் பெயர் அழிந்திருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இந்தக் காலத்து மெஷின் எல்லாம் தெரியும். எனக்குத் தெரியாதே.

ஐயம்பேட்டை தாண்டிவிட்டதா? இன்னும் இல்லையா. சரி.

டிக்கெட் கவுண்டரில் செண்பகவல்லி என்று ஒரு பெண் இருந்தாள். பெண்கள் கவுண்டர். மாநிறம். எதையும் ஒரு தடவைதான் எண்ணுவாள், சரியாக இருக்கும். நான் மூன்று தடவை எண்ணுகிறவன். அதனால் எனக்கு அவள்மேல் ஒரு மரியாதை. மரியாதைதான். என்னை வைத்தியண்ணே என்று கூப்பிடுவாள். எல்லோரையும் அண்ணே என்பாள். அசோகனை மட்டும் 'ஏங்க' என்பாள். அதை அப்போது நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

எண்பத்தொன்பது ஆகஸ்ட் பதினேழு. வியாழக்கிழமை. மேட்னி. அன்றைக்குக் கை என் கையாகவே இல்லை. எட்டு, பன்னிரண்டு, ஆறு, கப்பல். நாலாவது பாலம் வரைக்கும் ஒரு உயிர் கூடப் போகவில்லை. பதினாறு நிமிஷம். கடைசி உயிர் போனதும் எண் நின்றது. ஐம்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பது. வி, ஏ, ஐ என்று போட்டேன். பட்டியல் வந்தது. மேலே நான். எனக்குக் கீழே அசோகன்.

கேன்டீனில் யாரும் இல்லை. சாமுவேல் தண்ணீர் பிடிக்கப் போயிருந்தான். யாரிடமாவது காட்ட வேண்டுமே. யாரிடமாவது என்ன, செண்பகவல்லியிடம்தான். ஓடினேன். நான் ஓடி யாரும் பார்த்ததில்லை. கவுண்டரில் அவள் டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள். "செண்பகம், ஒரு நிமிஷம் வா. ஒண்ணு காட்டணும்" என்றேன். அவள், "என்னண்ணே, இப்படி வேர்த்துப்போச்சு உங்களுக்கு?" என்று சிரித்துக்கொண்டே வந்தாள்.

பாதி வழியில் கரண்ட் போய்விட்டது.

உள்ளே ஜனம் விசில் அடிக்கிறது. மாடிப்படியில் அசோகன் டார்ச்சோடு இறங்கி எங்களைத் தாண்டி ஓடுகிறான். நாங்கள் இருட்டில் மெஷின் முன்னால் நிற்கிறோம். நாலு நிமிஷம். அவள் பக்கத்தில் நான் அவ்வளவு நேரம் நின்றது அந்த ஒரு தடவைதான். ஜெனரேட்டர் ஓடியது, மெஷின் முழித்தது, பட்டியல் வந்தது. மேலே ஏ, எஸ், ஓ. ஐம்பதாயிரம். நான் எங்கேயும் இல்லை.

அவள் அதைப் படித்தாள். மெதுவாகத்தான் படித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஐயோ, என்னண்ணே நீங்க... அவரு பேரக் காட்டத்தான் கூட்டியாந்தீங்களா? உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டு முகத்தை மூடிக்கொண்டாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் மாடிப்படி ஏறிக் கேபினுக்குப் போனாள். அதுவரைக்கும் அவள் அந்தப் படியில் ஏறி நான் பார்த்ததில்லை.

மறுநாள் நான் முதலாளியிடம் போனேன். ரீல் ஓடும்போது ஆபரேட்டர் கேபினை விட்டு இறங்கி வந்து வீடியோ கேம் ஆடுகிறார் என்று சொன்னேன். முதலாளி நம்பவில்லை. நான் நோட்டை எடுத்துக் காட்டினேன். ஒரு ரீல் ஓட பதினெட்டு நிமிஷம். ஆட்டம் பதினாறு நிமிஷம். இறங்க ஒரு நிமிஷம், ஏற ஒரு நிமிஷம். கணக்கு சரியாக இருந்தது சார். படத்துக்கு வெளிச்சம் தருகிற கார்பன் குச்சியை நிமிஷத்துக்கு ஒரு தடவை திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும், அந்த இடத்தை விட்டு நகர முடியாது என்று அசோகன் கெஞ்சினானாம். முதலாளிக்கு என் நோட்டுதான் பெரிதாகத் தெரிந்தது. அந்த வாரமே கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டார். நான் பொய் சொல்லவில்லை. ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லவில்லை.

நாலு மாதத்தில் அசோகனுக்கும் செண்பகவல்லிக்கும் கல்யாணம். பத்திரிகையில் என் பெயரைத் திருத்தமாக எழுதி அனுப்பியிருந்தார்கள். நான் போகவில்லை. அசோகன் தஞ்சாவூரில் டி.வி. ரிப்பேர் கடை வைத்தான். அப்புறம் இன்வெர்ட்டர் கடை. ஊரில் கரண்ட் போகப் போக அவன் மேலே வந்தான். இப்போது இரண்டு மாடி, கண்ணாடிக் கதவு, வாசலில் அவன் பெயர் ஆள் உயரத்துக்கு எரிகிறது. நான் மட்டும் அன்றைக்கு முதலாளியிடம் போகாமல் இருந்திருந்தால், அவன் அந்தக் கொட்டகையிலேயே குச்சி திருப்பிக்கொண்டு கிடந்திருப்பான். அதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

எனக்கும் கல்யாணம் ஆயிற்று. நல்ல மனுஷி. போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரு மகள், அகிலா. குறை ஒன்றும் இல்லை.

போன மாதம் அகிலா போனில் ஒரு வீடியோ காட்டினாள். திருச்சி பாலக்கரையில் இருதயராஜ் என்று ஒருத்தர், மெக்கானிக், பழைய வீடியோ கேம் மெஷின்களை வாங்கிச் சரி பண்ணி ஒரு மாடியில் வரிசையாக வைத்திருக்கிறார். போய் ஆடலாமாம். கண்ணாடியில் வலது மூலையில் விரிசலோடு ஒன்று நிற்கிறது. எனக்கு மயிர் கூச்செறிந்தது. "இதாம்மா, இதேதாம்மா" என்றேன். "என்னப்பா, அழறீங்களா?" என்றாள். கண்ணில் தூசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போனேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். இருதயராஜுக்கு ஐம்பது வயது இருக்கும், மரியாதையான ஆள். "வாங்க பெரியவரே, எந்த மெஷினு?" என்றார். கை காட்டினேன். நாற்காலி போட்டுக் கொடுத்தார். குச்சியைப் பிடித்தேன்.

என்ன சொல்வது. நீங்களே ஒரு நாள் போய்ப் பாருங்கள். கடல் என்று சொன்னேனே, கடல் இல்லை. நீலத்தில் இரண்டு பட்டை. ஒன்று வெளிர், ஒன்று அடர்த்தி. அலை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது, அந்த இரண்டு பட்டையும் மாறி மாறிச் சிமிட்டுவது. விமானச் சத்தம் என்று முப்பத்தாறு வருஷமாக என் காதில் இருந்தது, மிக்ஸியில் சட்னி அரைக்கிற சத்தம். குச்சியை இடப்பக்கம் தள்ளினால் விமானம் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு நகர்கிறது. குண்டு பக்கத்தில் போனாலே செத்துப்போகிறது, படவே இல்லை, செத்துப்போகிறது. இடப்பக்கம் எட்டு வந்தது. வலப்பக்கம் பன்னிரண்டு வந்தது. நடுவில் ஆறு. கப்பல். அவ்வளவுதான் அதற்குத் தெரியும். மறுபடி எட்டு, பன்னிரண்டு, ஆறு. நான் புத்திசாலி என்று நினைத்து மோதிக்கொண்டிருந்த எதிரி, வாய்ப்பாடு ஒப்பிக்கிற பிள்ளை.

பதினோரு தடவை ஆடினேன். அதிகபட்சம் பதின்மூவாயிரத்து நானூற்று ஐம்பது. எழுந்துவிட்டேன்.

இருதயராஜ் சிரித்தார். "எல்லாரும் இப்படித்தான் பெரியவரே. வந்ததும் கண் கலங்கி நிக்கிறாங்க. அஞ்சு நிமிஷத்துல கொட்டாவி விடுறாங்க. தப்பு மெஷின் மேல இல்ல. அது அப்பவும் இப்படித்தான் இருந்துச்சு."

அப்போதுதான் பட்டியல் வந்தது. மேலே ஏ, எஸ், ஓ. ஐம்பதாயிரம்.

என் உடம்பெல்லாம் எரிந்தது சார். "இங்கயும் வந்துட்டானா?" என்று கேட்டேன்.

"யாரு?"

"அசோகன். இதோ, மேல."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "இது மெஷினோட வர்ற பேருங்க. ஜப்பான்ல இத செஞ்சவங்க தங்க பேர போட்டு வெச்சிருப்பாங்க. யாருமே ஆடலைன்னாலும் இது இருக்கும். கரண்ட நிறுத்திப் போட்டா நம்ம பேரெல்லாம் போயிரும், இந்த அஞ்சு மட்டும் திரும்பி வரும்."

நான் நம்பவில்லை. நிறுத்திப் போடச் சொன்னேன். போட்டார். ஏ, எஸ், ஓ. மறுபடி நிறுத்தச் சொன்னேன். ஏ, எஸ், ஓ. மூன்று தடவை. எதையும் நான் மூன்று தடவை பார்ப்பேன். மூன்று தடவையும் ஐம்பதாயிரம், நாற்பதாயிரம், முப்பதாயிரம், இருபதாயிரம், பத்தாயிரம். கென்னடியும் மேனேஜரும் சாமுவேலும் வரிசையாக நின்றார்கள். அப்படியென்றால் அந்தக் கொட்டகையில் உண்மையைச் சொன்னவன் ஒரே ஒருத்தன்.

அன்றைக்கு ராத்திரி தூக்கம் இல்லை. அவன் வேலையைக் கெடுத்தோமே என்று வருத்தம்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் அதைவிட இன்னொன்று உறுத்தியது. அந்த மெஷினில் அசோகன் ஆடவே இல்லை. கென்னடி ஆடவில்லை. மேனேஜர் ஆடவில்லை. அப்படியானால் அந்தக் கொட்டகையிலேயே முதல் ஆள் நான்தான். ஜப்பான்காரனையே தாண்டியவன். அதைப் பார்த்தது யார்? யாரும் இல்லை. கரண்ட் போன அந்த நேரத்தில் மெஷின் பக்கமாக இறங்கி வந்தவன் ஒருத்தன்தான். படியிலிருந்து பார்த்தால் திரை தெரியும். கரண்ட் போவதற்கு ஒரு நொடி முன்னால் அவன் படிக்கு வந்திருந்தால், அவன் பார்த்திருக்கலாம்.

மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதில் சந்தேகம் வேண்டாம். திங்கட்கிழமை தஞ்சாவூரில் இறங்கி அவன் கடைக்குப் போனேன். சுருட்டை முடி அப்படியே இருக்கிறது. வெள்ளைதான், ஆனால் இருக்கிறது. என்னைப் பார்த்ததும் எழுந்து ஓடி வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டான்.

"வைத்தியண்ணே! செண்பகம், யாரு வந்திருக்காங்க பாரு!"

அவள் மாடியிலிருந்து இறங்கி வந்தாள். "வாங்கண்ணே. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். காப்பி கொண்டு வந்தாள். எனக்குச் சூடாகத்தான் கொண்டு வந்தாள்.

பஸ்ஸில் வரும்போதே ஒரு வாக்கியம் தயார் பண்ணி வைத்திருந்தேன். சொன்னேன். "அசோகா, உன் வேலையக் கெடுத்தது நான்தான்."

"தெரியும்ணே" என்றான். "முதலாளி அன்னைக்கே சொல்லிட்டாரு. 'வைத்தி நோட்டுப் போட்டு எழுதி வெச்சிருக்கான்டா, பதினெட்டு நிமிஷமாம்'னு. காப்பி ஆறுது, குடிங்க."

முப்பத்தாறு வருஷமாகத் தெரியுமாம். தெரிந்துதான் பத்திரிகை அனுப்பியிருக்கிறான்.

செண்பகவல்லி சொன்னாள்: "நீங்க மட்டும் அன்னைக்கு என்னக் கூட்டிட்டுப் போயி இவரு பேரக் காட்டலைன்னா, நான் எங்க அந்தப் படியேறப் போறேன்? இன்னைக்கும் பிள்ளைங்ககிட்ட சொல்லுவேன், வைத்தி மாமாதான் எங்களச் சேத்து வெச்சதுன்னு."

நான் எதையும் தப்பாக விட்டுவைக்க முடியாதவன் சார். "அது அவன் பேர் இல்ல" என்றேன். "ஜப்பான்காரன் பேரு. மெஷினோட வந்தது. அதே மெஷின நேத்து திருச்சியில பாத்தேன்."

அசோகன், "நான்தான் அன்னைக்கே சொன்னேன்ல, தொட்டதே இல்லைன்னு" என்றான். அவள் அவன் முகத்தைப் பார்த்தாள், என் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். "அப்ப இத்தன வருஷமா ஜப்பான்காரனுக்கா சோறு ஆக்கிப் போட்டேன்?" அவன் அதற்குமேல் சிரித்தான். இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துச் சிரித்தார்கள். நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு அடங்கியதும் கேட்டேன். "அசோகா, அன்னைக்குக் கரண்ட் போனப்ப நீ படியில வந்தியே. மெஷின்ல மேல யார் பேரு இருந்துச்சுன்னு பாத்தியா?"

அவன் என் முகத்தையே பார்த்தான். அப்புறம், "பாத்தேன்ணே. உங்க பேருதான். வைத்தின்னு போட்டிருந்துச்சு. முதல் ஆளு நீங்கதான்" என்றான்.

"எத்தன போட்டிருந்துச்சு?"

"ஐம்பத்தஞ்சாயிரமோ என்னவோ. சரியா நினைவில்லைண்ணே. ஆனா பெருசா இருந்துச்சு."

ஐம்பத்தோராயிரத்து இருநூற்று நாற்பது சார். வி, ஏ, ஐ. அந்த மெஷினில் மூன்று எழுத்துக்கு மேல் போட முடியாது. இவன் பார்க்கவே இல்லை. நான் கேட்டேன் என்பதற்காகச் சொன்னான். பச்சைப் பொய். யோசிக்காமல், கூசாமல், எனக்காக ஒரு பொய். செண்பகவல்லி அவனைப் பார்த்த பார்வையை நான் பார்த்தேன். அவளுக்கும் தெரியும், பொய் என்று. அதனால்தான் அப்படிப் பார்த்தாள். என்னை யாரும் அப்படிப் பார்த்ததில்லை. ஒரு ஆள் எல்லாவற்றிலுமா முதலில் வர வேண்டும்? மன்னிப்பதில்கூடவா?

கிளம்பும்போது தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னான்: "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழம நானும் திருச்சிக்கு வர்றேண்ணே. அந்த மெஷினப் பாக்கணும். ஒரு தடவையாச்சும் ஆடிப் பாக்குறேன், பேரு வாங்குனதுக்கு." அவள், "நானும் வருவேன். இந்தத் தடவ நெசமாவே உங்க பேர ஏத்திக் காட்டுங்க பாப்போம்" என்றாள். அவனைப் பார்த்துத்தான் சொன்னாள்.

அதுதான் சார். அவனுக்கு எல்லாம் சுலபம். கை பட்டதும் வந்துவிடும். முதல் தடவையே இருபதாயிரம், முப்பதாயிரம் என்று எடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே எழுந்திருப்பான். அவள் பக்கத்தில் நிற்பாள். நான் பதின்மூவாயிரத்து நானூற்று ஐம்பதோடு நிற்பேன்.

எங்கே போகிறீர்கள் என்று கேட்டீர்களே, திருச்சிக்குத்தான். தினமும் போகிறேன். செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன், இன்றைக்கு வியாழன், பத்தாவது நாள். அகிலாவிடம் கண் டாக்டர் என்று சொல்லியிருக்கிறேன். இருதயராஜ்கூடக் கேட்டுவிட்டார், "பெரியவரே, மெஷின் நல்லா இல்லைன்னு சொன்னீங்க, கடை திறக்குறதுக்கு முன்னாடி வந்து நிக்கிறீங்களே?" என்று. நல்லா இல்லைதான். சகிக்கவில்லை. அந்த மிக்ஸிச் சத்தம் கேட்டால் தலை வலிக்கிறது. ஆனால் நேற்று முப்பத்தெட்டாயிரத்து நானூற்றுப் பத்து. இன்னும் வெள்ளி இருக்கிறது, சனி இருக்கிறது.

இதோ, தஞ்சாவூர் வந்துவிட்டது. ஒரு உதவி செய்வீர்களா? இடப்பக்கம் அவன் கடை வரும். நீங்கள் கொஞ்சம் முன்னால் சாய்ந்து ஜன்னலை மறைத்துக்கொள்ளுங்கள், நான் குனிந்துகொள்கிறேன். தினமும் இந்த வழியாகப் போகிறேன் என்று அவனுக்குத் தெரிய வேண்டாம். கண்ணாடிக் கதவு, பெரிய எழுத்து. அதுதான். அவன் வாசலில் நிற்கிறானா?

தனியாகவா நிற்கிறான், அவளும் இருக்கிறாளா? பார்த்துச் சொல்லுங்கள்.